பக்கத்து ஊரில்தான் தின்கிறார்கள்

1

சென்ற ஆண்டு கனடாவில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். தபாலில் வந்த படிவத்தை நிரப்பி அனுப்பாத வீடுகளுக்கு ஆள் வந்தது. மொன்ட்ரியால் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கும் வந்தது.

புவனா அக்கா வீடு என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, கட்டடம் ஒரு கிரேக்கருடையது. அக்கா அதன் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, அதில் ஓர் அறையை எனக்கு விட்டிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிக்கும் வேலை. அக்கா, அவர் கணவர், எட்டு வயது மகன் நிரோஷன், கார்தெரி என்கிற குழந்தைக் காப்பகத்துக்குப் போகும் ஒரு பெண்குழந்தை, நான். ஆக ஐந்து பேர்.

சனிக்கிழமை. அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற இளைஞர் போன்ஜூர் சொல்லிவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அக்கா செதில் ஒட்டிய கையைத் துடைக்காமலே நான்கு விரலைக் காட்டினார். அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

"விசிட்," என்றார் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நிரோஷன் அங்கிருந்தே பிரெஞ்சில் கத்தினான்: "இல்லம்மா, அஞ்சு பேர்! அக்காவையும் சேர்த்தா அஞ்சு!" அவன் அக்கா என்றது என்னை.

அக்கா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு அந்த ஆளுக்கு முன்னால் வந்து நின்று, கையை உயர்த்தி மாடியைக் காட்டினார். அங்கேதான் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்று பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

"என்னக்கா, மாசா மாசம் வாடகை குடுக்கறேன். என்னைப் போய் விருந்தாளி ஆக்கிட்டீங்களே?" என்றேன்.

"கோவியாதை பிள்ளை. அவன் அரசாங்கம். அரசாங்கம் எத்தினை பேர் எண்டு கேட்டா ஒண்டு குறைச்சுத்தான் சொல்லோணும். ஊரிலை ஆமிக்காரன் வந்து கேக்கேக்கையும் அப்பிடித்தான் சொல்லுவம்."

"இது ஆமி இல்லையேக்கா. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எத்தனை வேணும்னு பார்க்கத்தான் எண்ணறாங்க."

"எண்ணுற ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்." பிறகு உள்ளே திரும்பி, "இவர் ஒருத்தர் இருக்கிறார், அரசாங்கத்துக்கே பிறந்த பிள்ளை மாதிரி! வாடா இஞ்சை!" என்றார். அவன் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று பிரெஞ்சிலேயே முணுமுணுத்தான். அக்காவுக்கு அது பாதிதான் புரிந்தது. அவர் தமிழில் திட்டியதும் அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மாடியைக் காட்டிய அந்தக் கை நினைவில் திரும்ப வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கையை எனக்கு முன்பே தெரியும்.

2

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்புப் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதை எங்கே சொன்னாலும் எனக்குத் தலை நிமிரும். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

என் ஆய்வு ஒரு விலங்கைப் பற்றியது. கஸ்கஸ் என்று பெயர். முதல் முறை சொன்னபோது புவனா அக்கா, "கசகசாவோ? அதை ஏன் கனடாவிலை வந்து படிக்கிறாய்?" என்றார். இந்தோனேசியாவின் வடகிழக்கு ஓரத்தில், பிலிப்பைன்ஸ் பக்கமாகச் சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகளில் மட்டும் வாழும் ஒரு வகை அது. கங்காருவின் தூரத்து உறவு. பெண்ணுக்கு வயிற்றில் பை உண்டு. குட்டி அதற்குள்ளேயே வளரும். கரடிக்கு இருப்பதுபோல அடர்ந்த ரோமம், வட்ட முகம், கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் நீண்ட வால். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே சாகும். பகலில் இரண்டிரண்டாக உட்கார்ந்து இலை தின்னும். அதற்கு ஓடத் தெரியாது. மனிதன் மரம் ஏறி வந்தால் தின்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்க்கும். தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

நாங்கள் ஆராய்ந்த தீவில் காடு குறைந்துவிட்டது. தென்னை, சாதிக்காய், கிராம்பு வைத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் காட்டில் மிச்சம் இருக்கும் விலங்கை எப்படிக் காப்பது என்று எங்கள் குழு ஒரு பரிந்துரை எழுதிக்கொண்டிருந்தது. அதற்காகத் தீவின் ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் மார்த்தா. அந்தத் தீவிலேயே பிறந்தவள், அவள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். அவள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பதில்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மாதக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் ஊரில் இந்த விலங்கைத் தின்பது உண்டா என்பது ஒரு கேள்வி. எல்லா ஊரிலும் ஒரே பதில்: நாங்கள் தின்பதில்லை. பக்கத்து ஊரில்தான் தின்கிறார்கள். கரையோரமாக ஓர் ஊர் அடுத்த ஊரைக் காட்டியது, அது அதற்கடுத்த ஊரைக் காட்டியது. கூடவே எல்லா ஊரும் சேர்ந்து காட்டிய ஊர் ஒன்று இருந்தது. மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி இருந்த மிகச் சிறிய ஊர். மலையடி ஊர் என்றே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குழு இதை அப்படியே எடுத்துக்கொண்டது. வேட்டை தீவு முழுக்க இல்லை, பெரும்பாலும் மலையடி ஊரில்தான். அந்த ஒரே ஊரைக் கடற்கரைக்கு இறக்கி, அவர்கள் தோட்டத்தையும் சேர்த்துக் காட்டுக்கு எல்லை போட்டுவிட்டால் கஸ்கஸ் பிழைத்துக்கொள்ளும். பரிந்துரை இப்படித்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியை நானே எழுதியிருந்தேன், நல்ல ஆங்கிலத்தில்.

அந்தச் சனிக்கிழமை மீன்குழம்பு தின்றுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய், கணினியைத் திறந்து, எல்லாப் பதில்களையும் மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு பதிலிலும் ஒரு கை நீண்டு மாடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

3

மொன்ட்ரியாலில் இருக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "நேட்டிவ் எது?" என்றுதான். பொள்ளாச்சிப் பக்கம் என்பேன். பொய்யில்லை. எங்கள் மலையிலிருந்து கிளம்பும் பஸ் அங்கேதான் போய் நிற்கிறது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

மலையில் எங்கள் குடியிருப்புக்கு மேல்குடி என்று பெயர். சுற்றிலும் வேறு சில குடிகள் உண்டு. கருங்குரங்கை எல்லாக் குடிகளிலும் தின்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அதன் சாறு கொடுத்தால் தெம்பு வரும் என்பார்கள். சமவெளியிலிருந்து லேகியக்காரர்கள் வந்து விலைக்கும் வாங்கிப் போவார்கள். வனத்துறை ஆட்கள் வந்து, "இங்கே யாராவது குரங்கு அடிக்கறீங்களா?" என்று கேட்டால், கீழ்க்குடிக்காரர்கள் மேலே கை காட்டுவார்கள். நாங்கள் அவர்களைக் காட்டுவோம். அதில் பகை எதுவும் கிடையாது. அடுத்த பண்டிகைக்கு இரண்டு குடியும் சேர்ந்துதான் ஆடும். கேட்க வந்த ஆளை அனுப்பிவைக்க அது ஒரு வழி. மழை வந்தால் இலையைத் தலையில் பிடிப்பதுபோல.

ஆனால் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் குடி சின்னது. உச்சியில் இருந்தது. காட்டுவதற்கு வசதியான இடம். ஒரு நாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா குற்றமற்றவர் என்று நான் எழுதமாட்டேன். அந்த வாரமும் எங்கள் வீட்டில் கறி இருந்தது. அப்பா சிறையில் இருந்தபோது மேல்குடியைக் காலி செய்து, எங்களைக் கீழே ரோட்டோரக் காலனியில் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற குடிகள் அங்கங்கேயே இருந்தன. அவர்கள் வேட்டையும் நிற்கவில்லை.

காலனிக்குப் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருந்தது. நான் படித்தது அதனால்தான். மலையிலேயே இருந்திருந்தால் இன்று இந்த வரியை எழுதத் தெரிந்திருக்காது. இதை வைத்துக்கொண்டு நடந்தது நன்மைக்கே என்று யாராவது சொன்னால் எனக்கு அடங்காத கோபம் வரும். எனக்குள்ளேயே சில சமயம் அந்தக் குரல் கேட்கும். அதன்மேலும் கோபம் வரும்.

4

எங்கள் பேராசிரியர் கிளேரிடம் சொல்வதற்கு முன் மார்த்தாவிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் ஒரு தொலைபேசி அட்டை வாங்கினேன். இங்கே காலை விடியும்போது அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த வாரம் அவள் தொலைபேசி வசதி உள்ள நகரத்துக்கு வந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொள்வது இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நேராகக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் யாரும் வேட்டையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பங்கைப் பற்றிக் கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அடித்தவனுக்குத் தலை, முதலில் கண்டவனுக்கு ஈரல், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு ஒரு தொடை. அதில் யாராவது தவறினால் ஊர் கூடும். பங்கு என்பது மரியாதை சம்பந்தப்பட்டது. மரியாதையை யாரும் மறைப்பதில்லை.

அதனால் மழை, கிராம்பு விலை எல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகக் கேட்டேன்: "உங்கள் ஊரில் கஸ்கஸின் வால் யாருக்கு?"

"வாலா? வீட்டில் மூத்தவருக்கு," என்றாள் உடனே. அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"என்னை ஏமாற்றிவிட்டாய்," என்றாள்.

"ஆமாம்."

"இப்படிக் கேட்க உனக்கு யார் சொல்லித்தந்தது? கிளேரா?"

"கிளேருக்கு இது தெரியாது. எங்கள் மலையில் நாங்களும் இப்படித்தான் பதில் சொல்வோம்."

அவள் நம்பவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கருங்குரங்கு, கை காட்டியது, அப்பா, காலனி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "எங்கள் வீட்டில் வால் என் அங்கிளுக்கு," என்றாள். ஆங்கிலத்தில் எல்லா உறவுக்கும் ஒரே சொல்தான். அப்பா பக்கமா, அம்மா பக்கமா என்று கேட்டேன். அப்பாவின் அண்ணன். அப்பா கடலில் இறந்தபிறகு அவளை வளர்த்தவர், கல்லூரிக்கு அனுப்பியவர். ஊரில் நாய் வைத்து வேட்டையாடுபவர்களில் அவரே முதல் ஆள்.

"அவர் பெயரை நான் எழுத வேண்டுமா?"

"பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் உண்டு என்பது மட்டும் போதும்."

"என் ஊரில் நாய் வைத்திருப்பது யார் என்று தீவுக்கே தெரியும். பெயரைச் சொன்ன மாதிரிதான்."

"சொல்லாவிட்டால் மலையடி ஊரைக் கிளப்பிவிடுவார்கள். மற்ற ஊரெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். கொஞ்ச வருஷத்தில் விலங்கும் இருக்காது."

"மலையடி ஊரில் எனக்கு யாரும் இல்லை," என்றாள் மார்த்தா. குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

"எங்கள் ஊரிலும் கீழ்க்குடிக்காரர்களுக்கு யாரும் இல்லை."

அவள் கேட்டாள்: "நான் வேண்டாம் என்றால் சொல்லாமல் இருப்பாயா?"

"மாட்டேன்."

"பிறகு எதற்குக் கூப்பிட்டாய்?"

"உனக்குத் தெரியாமல் சொல்ல மனம் வரவில்லை."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

5

மார்த்தாவிடம் வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் பயம் இருந்தது. கிளேர் கட்டாயம் கேட்பார், எப்படித் தெரியும் என்று. அதற்கு ஒரே உண்மையான பதில்தான் உண்டு. அதைச் சொன்ன கணத்தில் நான் மேசையின் மறுபக்கம் போய்விடுவேன். இத்தனை பாடுபட்டுக் கேள்வி கேட்கும் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தேன். இனி என்னையும் என் வீட்டையும் கேள்வி கேட்பார்கள். மலைவாசிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் நல்ல மனிதர்களை நான் கோவையில் கல்லூரி நாட்களிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்பாவைக் கேட்காமல் அவர் கதையைச் சொல்வதும் சரியில்லை. காலனி டீக்கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஆள் அனுப்பி, அப்பா வந்து சேர்வதற்குள் அட்டையில் பாதி கரைந்தது.

"ஏ புள்ளே, பனி விட்டுதா அங்க?"

"விட்டுதுப்பா, இப்ப வெயிலு. அப்பா, ஒண்ணு கேக்கணும். நாம கருங்குரங்கு தின்னதை இங்க சொல்லட்டுமா?"

"யாரு கேக்கறது? பாரஸ்ட்டா?"

"இல்லப்பா, டீச்சரு."

"அந்த ஊர்லயும் குரங்கு இருக்குதா?"

"இது வேற ஒரு தீவுல, வேற ஒரு பிராணி. அங்கயும் ஒரு ஊரை எல்லாரும் கை காட்டறாங்க. அந்த ஊரைக் கிளப்பப் போறாங்க."

அப்பா கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "சின்ன ஊரா?" என்று கேட்டார்.

"சின்ன ஊருதான்."

"மேடா?"

"மேடுதான்."

"எழுதி வெச்சுக்குவாங்களா, நீ சொல்றதை?"

"வெச்சுக்குவாங்கப்பா."

"அப்ப சொல்லு. ஆனா கீழ்க்குடிக்காரங்களும் தின்னாங்கன்னு சேத்து எழுதச் சொல்லு. நம்மளை மட்டும் எழுதிப்போடாதே, ஆமா."

இத்தனை வருடம் இந்த ஒரு வரியை எந்த அதிகாரியிடமாவது சொல்ல அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கிடைத்த அதிகாரி நான்தான்.

6

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மூன்று பேர்: கிளேர், முனைவர் பட்ட மாணவன் எத்தியென், நான். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. பெயரே இல்லாமல் பேச்சைத் தொடங்கிவிடுவேன். அன்றும் அப்படித்தான்.

"நம் முடிவு தவறு. எல்லா ஊரிலும் தின்கிறார்கள்."

"தரவில் அப்படி இல்லையே," என்றான் எத்தியென்.

"தரவில் இருப்பது அதிகாரிக்குச் சொல்லும் பதில். மார்த்தா அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெண்தான். ஆனால் கையில் காகிதம் வைத்திருந்தாள். காகிதம் வைத்திருப்பவருக்கு அந்தப் பதில்தான் கிடைக்கும்."

கிளேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பிறந்த ஊரில் நாங்களும் அதே பதிலைத்தான் சொல்வோம். என் அப்பா வேட்டைக்காரர். பக்கத்துக் குடிகளிலும் வேட்டையாடினார்கள். எல்லோரும் எங்களைக் காட்டினார்கள். எங்களை மட்டும் காட்டிலிருந்து இறக்கினார்கள்."

சன்னலுக்கு வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நான் பயந்தது நடந்தது. கிளேரின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. கை பேனாவைத் தேடியது. "இதை விரிவாகப் பதிவு செய்யலாமா? உன் அப்பாவிடம் பேச முடியுமா? மொழிபெயர்க்க நீ இருக்கிறாய்..."

"முடியாது," என்றேன். "என் அப்பா இந்த ஆய்வில் இல்லை. நான் இருக்கிறேன், ஆய்வாளராக. நான் என்ன சொன்னேனோ அதை நானே எழுதுகிறேன், என் பெயரில். அதில் கீழ்க்குடியும் இருக்கும்."

கீழ்க்குடி என்றால் என்ன என்று கிளேருக்குத் தெரியாது. ஆனாலும் பேனாவை மூடினார். "மன்னித்துக்கொள். நான் கேட்டிருக்கக் கூடாது," என்றார். அவரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

எத்தியென் விடவில்லை. "ஒருவருடைய சொந்த அனுபவம் சான்று ஆகாது," என்றான்.

"ஆகாது. அதனால்தான் வேறு கேள்வி கேட்கச் சொல்கிறேன்."

வாலைப் பற்றியும் தலையைப் பற்றியும் விளக்கினேன். காகிதம் இல்லாமல், பங்கை மட்டும் கேட்க வேண்டும். யார், எப்போது, எத்தனை என்று எதுவும் வேண்டாம். ஊர்ப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். எத்தியென் யோசித்துவிட்டு, "யார் போய்க் கேட்பது?" என்றான். மார்த்தாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் போவாளா என்று எனக்குத் தெரியாது என்பதை அங்கே நான் சொல்லவில்லை.

கோடைக் கடைசியில் அனுப்ப வேண்டிய பரிந்துரையை நிறுத்திவைத்தார்கள்.

7

மார்த்தாவிடமிருந்து நீண்ட நாள் செய்தி இல்லை. புதிய கேள்வியை விளக்கிக் கிளேர் எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது. கரையோரம் முழுக்க நடந்து முடித்திருந்தாள். முதல் வரியே இதுதான்: எங்கள் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

ஒவ்வோர் ஊரும் பதில் சொல்லியிருந்தது, யோசிக்காமல், பெருமையாக. ஓர் ஊரில் தலை நாய்க்காரனுக்கு. இன்னோர் ஊரில் தலை மரம் ஏறியவனுக்கு, நாய்க்காரனுக்கு விலாப் பக்கம். ஓர் ஊரில் வாலைப் புதுமணப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்று ஊர்களில் ஒரு தொடை கிறிஸ்தவ சபைப் போதகருக்கு. முன்பு கேட்டபோது, எங்கள் சபையில் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று உறுதியாகச் சொன்னவர்களில் அந்தப் போதகர்களும் உண்டு. இதை வாசித்துவிட்டுக் கிளேர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

மலையடி ஊரின் பதில் கடைசியில் இருந்தது. அங்கேயும் பங்கு முறை உண்டு. ஆனால் ஒரு கிழவி மார்த்தாவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள்: முன்பெல்லாம் பையில் குட்டி இருந்தால் விட்டுவிடுவோம். இப்போது ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். கிடைத்ததை யார் விடுவார்கள்?

அதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லா ஊரிலும் வேட்டை உண்டு என்றால் நாங்கள் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் பொய். விலங்கு நாங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாக இருக்கிறது. ஒரு கணம், இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட இருந்தது. நம்பிக்கையான பழைய பரிந்துரை மேசை மேலேயே கிடந்தது. கிளேர் அதை எடுத்து, பழைய தாள்கள் போடும் பெட்டியில் போட்டார்.

புதிய பரிந்துரையில் மலையடி ஊரைக் கிளப்பும் பேச்சு இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் காட்டில் ஒரு பகுதியைத் தானே ஒதுக்கிக் காவல் இருக்க வேண்டும், எந்த ஊருக்கும் விலக்கு இல்லை என்று எழுதினோம். கேட்க நன்றாக இருக்கிறது. நடக்குமா என்று தெரியாது. ஊர்க் கூட்டங்கள் நடக்கின்றன. சிலர் வருகிறார்கள், சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். விலங்கு பிழைக்குமா என்பதும் தெரியாது. இப்படி எழுதுவது எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கனடாவில் படிக்கிறவள் ஒரு பிராணியைக் காப்பாற்றிவிட்டாள் என்று காலனிப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்களாம். இன்னும் காப்பாற்றவில்லை.

8

அறிக்கையின் கடைசி வடிவத்தை இந்த வசந்தத்தில்தான் முடித்தேன். முதல் பக்கத்தில் எழுதியவர்களின் பெயர்கள். கனடா விசாவுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. கடைசியில் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொடுத்தேன். குடும்பப் பெயரை முதலில் போடுவதால் அறிக்கையில் என் பெயருக்கு முன்னால் நிற்பது அவர்தான், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர். வேட்டைக்காரரின் மகள் இதை எழுதுகிறாள் என்ற பத்தியும் உள்ளே இருக்கிறது. ஆய்வறிக்கையில் யாரும் அப்படி எழுதுவதில்லை என்றான் எத்தியென். இனி எழுதட்டும் என்றேன்.

மார்த்தாவின் பெயரை நான் போடவில்லை. உள்ளூர் உதவியாளர் என்று மட்டும் எழுதியிருந்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். ஒரு காலையில் அவளை அழைத்து அதைச் சொன்னேன்.

"ஏன்?" என்றாள்.

"உன் பாதுகாப்புக்கு."

"பெரியப்பா வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. போன மழைக்காலத்திலிருந்து நகரத்தில் அறை எடுத்து இருக்கிறேன். கேட்டது நான்தான் என்று எங்கள் தீவில் நாய்க்குக்கூடத் தெரியும். உன் அறிக்கையைப் படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

என் பெயருக்காக அந்த மேசையில் நான் எவ்வளவு கடுமையாகப் பேசினேன்! அவள் பெயரை அவளைக் கேட்காமலே நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"குடும்பப் பெயரும் போடவா?" என்றேன். "அது உன் பெரியப்பாவின் பெயரும்தானே?"

"ஆமாம், அவருடையதும்தான்." பிறகு சொன்னாள்: "முதலில் பதில் சொன்னவர் அவர்தான். நான் காகிதம் இல்லாமல் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார், யார் யாருக்கு எந்தப் பாகம் என்று. நான் கேட்டதால் சொன்னார். வேறு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இரண்டையும் போடு," என்றாள்.

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நான் அடித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு முறை, மெதுவாக என்றாள். மறுபடியும் வாசித்தேன்.